கடல் கடந்த ஒப்பாரி

அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையில், உப்பங்கழியும் சதுப்பு நிலமுமாய்க் கிடக்கும் ஜார்ஜியா மாகாணத்து ஹாரிஸ் நெக் என்னும் சிற்றூருக்கு, கறுப்பின மொழியியல் அறிஞர் லோரென்ஸோ டௌ டர்னர் 1930களின் தொடக்கத்தில் ஒலிப்பதிவு யந்திரத்துடன் வந்தபோது, அமீலியா டாலி என்ற மாது ஐந்தே அடிகள் கொண்ட ஒரு பாட்டைப் பாடிக் கொடுத்தாள். வீட்டுப் பெண்கள் வழியாகத் தலைமுறை தலைமுறையாக வந்த அப்பாட்டின் பொருள் பாடியவளுக்கே தெரியாது. அது மேற்கு ஆப்பிரிக்காவில், ஸியெரா லியோன் தேசத்து மெண்டே மொழிப் பாட்டு என்பது பின்னர் விளங்கிற்று. 1949-இல் வெளிவந்த டர்னரின் நூலிலும் அது இடம்பெற்றது.

அப்பாட்டைக் கொண்டுவந்த ஜனங்களை அடிமைகளாக அமெரிக்கக் கரையில் கொண்டு சேர்த்தது நெல். கரோலினா, ஜார்ஜியா கரையோரத் தோட்ட முதலாளிகள், நெல் சாகுபடியில் கைதேர்ந்த மேற்கு ஆப்பிரிக்கர்களைத் தேடி வாங்கினார்கள். ஸியெரா லியோன் ஆற்றிலுள்ள பன்ஸ் தீவுக் கோட்டையில் அடைபட்டுக் கப்பலேறியவர்களில் பலர் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விலை பேசப்பட்டார்கள். தென் கரோலினாவில், ஒரு கலகத்துக்குப் பின், 1740-ஆம் வருஷத்துச் சட்டம் அடிமைகளுக்கு முரசையே விலக்கிற்று. மழலைகளின் விளையாட்டுப் பாட்டாக உருமாறியதனாலேயே இவ்வைந்தடிகள் எவர் கண்ணையும் உறுத்தாமல் தப்பின என்பது என் ஊகம்.

1942-இல் விமானத் தளம் அமைக்கவென்று சர்க்கார் ஹாரிஸ் நெக் நிலங்களை எடுத்துக்கொண்டு குடிகளை வெளியேற்றியது; மூதாதையர் இழந்ததைப் பேரப்பிள்ளைகளும் இழந்தார்கள். ஆனாலும் பாட்டு அமீலியாவின் மகளிடம் தங்கிவிட்டது.

பல வருஷங்களுக்குப் பின், மானிடவியலாளர் ஜோசப் ஓபாலாவும் இசை ஆராய்ச்சியாளர் ஸிந்தியா ஷ்மிட்டும் அப்பழைய ஒலிப்பதிவை ஸியெரா லியோனில் ஊர் ஊராகப் போட்டுக் காட்டியபோது, ஸெனெஹுன் ங்கோலா என்ற கிராமத்தில் ஒரு பெண் அதை அடையாளம் கண்டாள். அது ஈமச் சடங்கின் பாட்டு. பிறப்பையும் இறப்பையும் சார்ந்த கிரியைகள் மெண்டே ஜனங்களிடையே பெண்களுக்கு உரியவை. கல்லறையருகே கடைசி முறையாகச் சோறாக்கி, மாண்டவரோடு உண்டு, வெறும் பானையைக் கல்லறைமேல் கவிழ்த்து விடைபெறுவது வழக்கமாயிருந்தது. சடங்கு வழக்கொழிந்த பின்னும் அவள் பாட்டி அதைக் கற்பித்து, தொலைந்துபோன சுற்றத்தாரை இதைக் கொண்டு அறியலாம் என்று சொல்லி வைத்தாளாம்.

உள்நாட்டுப் போரினால் பல ஆண்டுகள் தள்ளிப்போன பிரயாணம் 1997-இல் கைகூடிற்று. அமீலியாவின் மகள் அக்கிராமத்துக்குச் சென்றாள்; வழக்கொழிந்த அச்சடங்கை ஊரார் அவளுக்காக மறுபடி நடத்தினார்கள்.