பிரமதண்டு

பிரமன் + தண்டு: பிரமனின் கோல். பிரமன் வேள்வி செய்ததாகத் தலபுராணம் சொல்லும் காஞ்சிபுரத்தின் தரிசுகளிலும் முள்ளிலையும் மஞ்சள் பூவுமாக நிற்கும் இச்செடியின் தாயகம் மெக்சிகோ. அறிவியல் பெயர் ஆர்ஜிமோன் மெக்சிகானா. கிரேக்கத்தில் ‘ஆர்ஜிமா’ என்பது கண்ணில் விழும் வெண்புள்ளி; அதற்கு மருந்தான ஒரு செடியின் பெயரே இதற்கும் வந்தது. நம் ஊரிலும் இதன் மஞ்சள் பாலைக் கண்ணோய்க்கு இடும் வழக்கம் உண்டு. ஆபத்தான வழக்கம் அது.

குடியோட்டிப்பூண்டு என்றும் பெயர்: குடிகளை ஓட்டுவது. இதுவே பொருத்தமான பெயர். கடுகைப் போலிருக்கும் விதையின் எண்ணெயில் சாங்குவினாரின் என்னும் நஞ்சு உள்ளது. 1998-இல் தில்லியில் இவ்விதை எண்ணெய் கலந்த கடுகெண்ணெயை உண்டவர்களுக்குக் கால் வீங்கி இதயம் தளர்ந்தது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இதன் பாலைக் கண்ணில் விடாதீர்கள், விதையை உண்ணாதீர்கள்.