எலக்ட்ரான் கவர்வு உணர்வி

எலக்ட்ரான் கவர்வு உணர்வி: காற்று, நீர், மண், உணவு, உயிரினத் திசு ஆகியவற்றில் மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கும் சில வகை வேதிச் சேர்மங்களைக் கண்டறியும் கருவி. ஆய்வகங்களில் இதை ஈசிடி என்றே சொல்வார்கள். இது தனியாக இயங்குவதில்லை. கலவையிலுள்ள சேர்மங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியேற்றும் வாயு வண்ணப்பிரிகைக் கருவியின், அதாவது ஜிசியின், முடிவில் பொருத்தப்படுகிறது. 1957இல் லண்டனில் ஜேம்ஸ் லவ்லாக் (1919–2022) இதை உருவாக்கினார். குளோரின், புரோமின் போன்ற ஹேலஜன் அணுக்களைக் கொண்ட சேர்மங்களை அதுவரை எந்த உணர்வியும் எட்டாத நுட்பத்தோடு இது காட்டியது. டிடிடி, பிசிபி, குளோரோபுளூரோகார்பன் ஆகியவை ஆளில்லாத கடல்வெளி வரை பரவிவிட்டன என்று உலகம் அறிந்ததில் இந்தக் கருவிக்குப் பெரும் பங்கு உண்டு. இதன் வரலாறு நெடுகிலும் ஒரு கேள்வி கூடவே வருகிறது: ஒரு பொருள் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அந்த அளவை என்னவென்று எடுத்துக்கொள்வது?

இயங்கும் விதம்

உணர்வியின் உடல் ஒரு சிறிய உலோக அறை. அதன் உள்சுவரில் நிக்கல்-63 என்ற கதிரியக்க ஐசோடோப்பு பூசிய மெல்லிய தகடு இருக்கும். அறை வழியாக நைட்ரஜனோ, 5% மீத்தேன் கலந்த ஆர்கானோ தொடர்ந்து ஓடும். தகட்டிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பீட்டா துகளும் வாயு மூலக்கூறுகளில் மோதி நூற்றுக்கணக்கான எலக்ட்ரான்களை உதிர்த்துவிடுகிறது. இவை நேர்மின்வாயை நோக்கி நகர, சிறியதொரு மின்னோட்டம் நிலையாக ஓடிக்கொண்டிருக்கும். ஜிசியின் குழாயிலிருந்து எலக்ட்ரான் நாட்டம் மிக்க ஒரு சேர்மம் உள்ளே நுழைந்தால் அந்த எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும். அதனால் உருவாகும் எதிரயனிகள் கனமானவை. அவை மெதுவாக நகர்ந்து, நேரயனிகளோடு சேர்ந்து மறைந்துவிடும். மின்னோட்டம் குறையும். அந்தக் குறைவுதான் அளவீடு.

எல்லாச் சேர்மங்களையும் இது காண்பதில்லை என்பதில்தான் இதன் பலமே இருக்கிறது. பெட்ரோலில் உள்ளது போன்ற சாதாரண ஹைட்ரோகார்பன்கள் எவ்வளவு வந்தாலும் கருவி ஏறக்குறைய அசையாது. நான்கு குளோரின் அணுக்கள் கொண்ட கார்பன் டெட்ராகுளோரைடுக்கு அது காட்டும் உணர்வு அவற்றைவிட லட்சக்கணக்கான மடங்கு அதிகம். காற்றில் இயற்கையாக நிறைந்திருக்கும் எண்ணற்ற கரிமப் பொருள்களைத் தாண்டி, மனிதர் தொழிற்சாலையில் செய்து வெளியே விட்டவை மட்டும் தனியாகத் தெரிந்தது இதனால்தான்.

இதே குணம் ஆய்வகத்தில் பெரும் தொல்லையும் தரும். ஆக்சிஜனும் எலக்ட்ரானைப் பிடிக்கும் என்பதால், குழாய் இணைப்பில் மயிரிழைக் கசிவு இருந்தாலும், சேர்மம் எதுவும் வராதபோது நிலையாகப் பதிவாக வேண்டிய அடிக்கோடு ஆட்டம் காணும். அப்போது இணைப்புகளை இறுக்கிப் பார்ப்பதும், சிலிண்டரின் தூய்மையைச் சோதிப்பதும்தான் முதல் வேலை. மாதிரி பிளாஸ்டிக் குழாயையோ கையுறையையோ தொட்டிருந்தால், பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் பதிவில் தனி பீக்காக, அதாவது முகடாக, வந்து நிற்கும். அதே அறையில் யாராவது குளோரோஃபார்ம் புட்டியைத் திறந்தால் அன்றைய அளவீட்டை நம்ப முடியாது.

இன்னொரு குறையும் உண்டு. ஏதோ ஒன்று வந்தது என்று மட்டுமே கருவி சொல்லும். எது வந்தது என்பதை, அது குழாயைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து ஆய்வாளர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே வேறு வகைக் குழாயில் மீண்டும் செலுத்திப் பார்ப்பதும், நிறை நிறமாலைமானியில் உறுதி செய்வதும் கட்டாயமாயிற்று. தொடக்க காலக் கருவிகளில் டிரிட்டியம் ஏற்றிய தகடு இருந்தது. அது அதிக வெப்பம் தாங்காது. பின்னர் வந்த நிக்கல்-63 சுமார் 350 டிகிரி வரை தாங்குவதோடு, அதன் அரை ஆயுட்காலமும் ஏறத்தாழ 100 ஆண்டுகள். உள்ளே இருப்பது கதிரியக்கப் பொருள் என்பதால் இந்தியாவில் இக்கருவி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது.

தோற்றம்

கலவையைப் பிரிக்கும் கலை இதற்கு முந்தியது. 1903இல் வார்சாவில் மிகைல் ஸ்வெட் இலைச்சாற்றின் நிறமிகளைச் சுண்ணப்பொடி நிரப்பிய குழாயில் பிரித்துக் காட்டினார். 1941இல் ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிஞ்சும் பங்கீட்டு வண்ணப்பிரிகையைக் கொண்டுவந்து, அதற்காக 1952இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதே 1952இல் மார்ட்டினும் ஏ. டி. ஜேம்ஸும் வாயுவைக் கொண்டு பிரிக்கும் முறையை வெளியிட்டார்கள். மார்ட்டின் பணியாற்றிய இடம் லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையம். லவ்லாக்கும் அங்கேதான் இருந்தார்.

1940களின் இறுதியில், அறைக்குள் வீசும் மெல்லிய காற்றோட்டத்தை அளக்க லவ்லாக் அயனிகளைப் பயன்படுத்தும் ஒரு காற்றுமானி செய்தார். அருகில் சிகரெட் புகைத்தால் அது தாறுமாறாகக் காட்டியது. காற்றை அளக்க வந்தவருக்கு அது கோளாறு. ஆனால் காற்றில் கலந்த சிறு பொருளும் அயனிகளைப் பாதிக்கிறது என்ற பாடம் அதில் இருந்தது. 1950களில் உயிரணுக்களை உறையவைத்து மீட்கும் ஆய்வில் அவர் ஈடுபட்டிருந்தார். உயிரணுச் சவ்வின் கொழுப்பு அமிலங்களை அறிய வேண்டியிருந்தது. கையிலிருந்த மாதிரியோ போதவில்லை. மாதிரியைக் கூட்டிக் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் இதைவிடக் கூருணர்வுள்ள உணர்வியைச் செய்யுங்கள் என்பதே மார்ட்டின் தரப்பின் பதிலாக இருந்தது. இரண்டாவதை லவ்லாக் எடுத்துக்கொண்டார். முதலில் ஆர்கான் உணர்வி வந்தது. அந்த முயற்சிகளின் ஊடே எலக்ட்ரான் கவர்வு உணர்வியும் பிறந்தது. பின்னர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லிப்ஸ்கியுடன் சேர்ந்து அதை மேம்படுத்தி, 1960இல் இருவரும் கட்டுரை வெளியிட்டனர்.

பூச்சிமருந்தும் பிசிபியும்

1960களின் தொடக்கத்திலேயே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பயிர்களில் எஞ்சிய குளோரின் பூச்சிமருந்துகளை இக்கருவியால் அளக்கத் தொடங்கினர். ரேச்சல் கார்சனின் ‘மௌன வசந்தம்’ இக்கருவி தந்த தகவல்களின் மேல் எழுந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். அது மிகை. அந்நூல் வெளியான 1962இல்தான் கருவி பூச்சிமருந்து ஆய்வகங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. கார்சன் திரட்டிய சான்றுகளில் பெரும்பகுதி பழைய முறைகளில் கிடைத்தவை. அவர் எழுப்பிய கவலைக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் எண்களைத் தந்தது ஈசிடி என்று சொல்வதே நியாயம்.

சுவீடனின் சோரன் ஜென்சன் கண்டது இன்னும் வியப்பானது. மீன்களிலும் கழுகுகளிலும் டிடிடியைத் தேடியபோது, எதற்கும் பொருந்தாத பீக்குகள் வரிசையாக வந்தன. டிடிடி புழக்கத்துக்கு வருமுன்பே அருங்காட்சியகத்தில் சேர்த்துவைத்த கழுகு இறகுகளிலும் அவை இருந்தன. அப்படியானால் அது பூச்சிமருந்தாக இருக்க முடியாது. 1966இல் அவர் விடையை அறிவித்தார்: மின்மாற்றி எண்ணெய்களில் பயன்பட்ட பிசிபி. யாரும் வயலில் தெளிக்காத ஒரு பொருள் பால்டிக் கடலின் உணவுச் சங்கிலி முழுவதும் ஏறியிருந்தது. அடையாளம் தெரியாத பீக்கை இரைச்சல் என்று ஒதுக்காமல் ஆண்டுக்கணக்கில் துரத்திய அந்தப் பிடிவாதத்தை இத்துறைக்கு வருகிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டோடு இக்கருவிக்கு உள்ள தொடர்பு வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. 1980களின் இறுதியில் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் ஆய்வாளர்களும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்து ஷின்சுகே தனபே குழுவினரும் அப்பகுதியின் காற்று, நீர், வண்டல் மூன்றையும் சோதித்தனர். நம் உழவர்கள் பிஎச்சி பவுடர் என்று தூவிய எச்சிஎச் அப்போது வயலெங்கும் புழங்கியது. நெற்பயிர் நிற்கும் மழைக்காலத்தில் காற்றில் அதன் அளவு ஏறியது. வெள்ளாற்றுப் பாசனப் பகுதியில் தூவிய எச்சிஎச்சில் 99.6% ஆவியாகிக் காற்றில் கலந்தது, 0.4% மட்டுமே முகத்துவாரத்துக்குச் சென்றது என்று 1991இல் வெளியான கணக்கீடு சொன்னது. பூச்சிமருந்து மண்ணில் தங்கும், ஆற்றில் ஓடும் என்ற பொது எண்ணத்தை வெப்ப நாட்டு வெயில் புரட்டிப்போட்டுவிட்டது. இப்படி ஆவியாவது காற்றோடு வடக்கே சென்று குளிர்ந்த கடல்களில் படிகிறது. எச்சிஎச் கலவைக்கு இந்தியா 1997இல் தடை விதித்தது.

சுழியம் நகர்ந்த கதை

புற்றுநோய் உண்டாக்கும் எந்தப் பொருளும் உணவில் சேர்க்கப்படலாகாது என்று 1958இல் அமெரிக்கா டெலனி விதியை இயற்றியது. அன்றைய கருவிகளுக்குத் தெரியாதது சட்டத்துக்கும் இல்லாததாக இருந்தது. கருவிகள் கூர்மையாகக் கூர்மையாக, நேற்றுவரை சுழியமாக இருந்தது இன்று ஓர் எண்ணாயிற்று. பூச்சிமருந்து எச்சத்தைப் பொறுத்தவரை 1996இல் அவ்விதி கைவிடப்பட்டது.

இந்தியாவில் இது தலைகீழாக நடந்தது. புட்டிக் குடிநீரில் பூச்சிமருந்து கண்டறியும் அளவுக்குக் கீழ் இருக்க வேண்டும் என்றுதான் பழைய தரவிதி சொல்லிற்று. எந்தக் கருவியின் கண்டறியும் அளவு என்பதில்தான் ஓட்டை. 2003இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் புட்டிக் குடிநீரையும் பிறகு குளிர்பானங்களையும் ஜிசியில் சோதித்து, ஐரோப்பிய வரம்பான லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமோடு ஒப்பிட்டது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரித்து, எச்சங்கள் இருந்தது உண்மை என்று 2004இல் கூறியது. குடிநீருக்குத் தெளிவான எண்வரம்பு வந்தது. வரம்பு எண்ணாக எழுதப்படாத வரை கூர்மையற்ற கருவியை வைத்திருப்பவருக்கே ஆதாயம் என்பதை இந்த வழக்கு வெட்டவெளிச்சமாக்கியது.

குளோரோபுளூரோகார்பன்கள்

தாமஸ் மிட்ஜ்லியின் குழு 1928இல் உருவாக்கிய குளோரோபுளூரோகார்பன் (சிஎஃப்சி) வாயுக்கள் எரியாதவை, நச்சற்றவை, எதனோடும் வினைபுரியாதவை. குளிர்பதனப் பெட்டி, தெளிப்புக் குப்பி, நுரைப்பஞ்சு என எங்கும் பரவின. 1960களின் இறுதியில், கோடை மூட்டம் மனிதர் உண்டாக்கியதா இயற்கையானதா என்று அறிய லவ்லாக் விரும்பினார். இவற்றில் ஒன்றான, இயற்கையில் கிடையாத சிஎஃப்சி-11 நகரக் காற்றுக்கு நல்ல அடையாளம் என்று கருதி, அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஏட்ரிகோல் என்ற ஊரில் அதை அளந்தார். ஐரோப்பாவிலிருந்து மூட்டம் வந்த நாட்களில் லட்சம் கோடியில் சுமார் 150 பங்கு இருந்தது, எதிர்பார்த்ததுதான். ஆனால் அட்லாண்டிக்கிலிருந்து தெளிந்த காற்று வீசிய நாட்களிலும் 50 பங்கு இருந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலைக் கடந்து வந்த காற்றில் இது எப்படி வந்தது?

1971 நவம்பரில் பிரிட்டனிலிருந்து அண்டார்க்டிகா நோக்கிப் புறப்பட்ட ஷாக்கிள்டன் ஆய்வுக் கப்பலில், தன் கையால் செய்த ஜிசியோடு அவர் ஏறினார். மான்டிவிடியோ வரை அவர் அளந்தார். அதன்பின் உடன் பணியாற்றியவர்கள் தொடர்ந்தனர். சிஎஃப்சி-11 இல்லாத இடமே இல்லை. வட அரைக்கோளத்தில் சற்றுக் கூடுதல், தெற்கில் சற்றுக் குறைவு. 1973இல் நேச்சர் இதழில் வெளியான கட்டுரையில், இந்த அளவால் எந்த ஆபத்தும் இருக்க வாய்ப்பில்லை என்ற கருத்தையும் சேர்த்திருந்தார்கள். மூச்சிழுப்பவருக்கு என்று பார்த்தால் அது சரி. அந்த வாயு எங்கே போய் முடியும் என்று கேட்டிருந்தால் அந்த வரி வந்திருக்காது. பிற்காலத்தில் லவ்லாக் அதற்காக வருந்தினார். இருந்தும், இவ்வாயு ஓசோனைச் சிதைக்கும் என்று பின்னர் எழுந்த அச்சம் மிகைப்படுத்தப்படுகிறது என்றே சில காலம் கருதிவந்தார்.

அந்த வாயு எங்கே போய் முடியும் என்ற கேள்வியைக் கேட்டவர் கலிபோர்னியாவின் ஷெர்வுட் ரோலண்ட். லவ்லாக்கின் அளவீடு பற்றி 1972இல் ஒரு கூட்டத்தில் கேள்விப்பட்டவர், காற்றில் மிதக்கும் மொத்த அளவு அதுவரை உற்பத்தியான அளவுக்கு ஏறக்குறையச் சமம் என்பதைக் கண்டார். அப்படியென்றால் தரைக்கருகே எதுவும் அதை அழிக்கவில்லை. அவரும் மரியோ மொலினாவும் 1974 ஜூனில் முடிவை வெளியிட்டார்கள்: இவ்வாயு மெல்ல மெல்ல ஸ்ட்ரேட்டோஸ்பியருக்கு ஏறும், அங்கே புறஊதாக் கதிரில் உடையும், விடுபடும் குளோரின் அணு ஒவ்வொன்றும் ஓசோன் மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் சிதைக்கும். 1985இல் ஜோசப் ஃபார்மன் குழு அண்டார்க்டிக் ஓசோன் துளையை அறிவித்தது. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. 1995 நோபல் பரிசை ரோலண்டும் மொலினாவும் பால் குருட்சனும் பகிர்ந்துகொண்டனர். லவ்லாக்குக்குப் பங்கில்லை, ஆனால் அவர் தந்த எண் இல்லாமல் அந்தக் கணக்கு தொடங்கியிருக்காது.

கண்காணிப்பும் இன்றைய நிலையும்

1978 முதல் ஏட்ரிகோல், பார்படோஸ், டாஸ்மேனியாவின் கேப் கிரிம் உள்ளிட்ட நிலையங்களில் தானியங்கி ஈசிடி கருவிகள் சிஎஃப்சி வாயுக்களைத் தொடர்ந்து அளந்தன. துருவப் பனியடுக்கில் சிக்கிய பழங்காற்றைச் சோதித்தபோது, 20ஆம் நூற்றாண்டுக்கு முன் சிஎஃப்சி இருந்ததில்லை என்பதும் 1999இல் உறுதியானது. சிஎஃப்சி-11 1990களின் முதற்பாதியில் லட்சம் கோடியில் 270 பங்கை நெருங்கி, பிறகு இறங்கத் தொடங்கியது.

மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி 2010க்குள் எல்லா நாடுகளும் அதன் உற்பத்தியை நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் 2012க்குப் பின் இறக்கத்தின் வேகம் தளர்ந்ததை அமெரிக்கக் கடல்-வளிமண்டல நிறுவனத்தின் ஸ்டீபன் மாண்ட்ஸ்கா குழு 2018இல் அறிவித்தது. யாரோ மீண்டும் தயாரிக்கிறார்கள் என்று அது காட்டியது. கொரியாவின் ஜெஜு தீவிலும் ஜப்பானின் ஹதெருமா தீவிலும் இருந்த நிலையங்களின் பதிவுகளைக் காற்றின் திசையோடு பொருத்தி, கிழக்குச் சீனாவின் ஷான்டோங், ஹெபெய் மாகாணங்களை 2019இல் சுட்டினார்கள். வீட்டுக் காப்பு நுரை தயாரிப்பில் அது பயன்பட்டிருக்கலாம் என்று கருதப்பட்டது. 2021இல் வெளியான அளவீடுகளின்படி வெளியீடு மீண்டும் குறைந்துவிட்டது.

பொருளை இன்னதென்று அடையாளம் காட்டும் நிறை நிறமாலைமானிகள் இன்று பெரும்பாலான பணிகளை எடுத்துக்கொண்டுவிட்டன. ஆனாலும் நைட்ரஸ் ஆக்சைடையும் சல்ஃபர் ஹெக்சாபுளூரைடையும் பல நிலையங்களில் இன்னும் ஈசிடிதான் அளக்கிறது. உயரழுத்த மின் சுவிட்சுகளில் காப்பு வாயுவாக நிரப்பப்படும் சல்ஃபர் ஹெக்சாபுளூரைடு, எடைக்கு எடை கார்பன் டைஆக்சைடைவிட 20,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைப்பது. காற்றில் அதன் அளவு லட்சம் கோடியில் 11 பங்கைக் கடந்துவிட்டது, ஆண்டுதோறும் கூடிக்கொண்டிருக்கிறது.