சுற்றுகளை எண்ணாத கூட்டம்

2019 ஏப்ரல் 22, தோஹா. ஆசியத் தடகளச் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் 800 மீட்டர் இறுதி ஓட்டம். திருச்சிக்குப் பக்கத்தில் உள்ள முடிகண்டத்துப் பெண் கோமதி மாரிமுத்து கடைசி வளைவு வரை முன்னணியில் இல்லை. நேர்ப்பாதையில்தான் அவருடைய ஓட்டம் வெளிப்பட்டது. சீனாவின் வாங் சுன்யூவை முந்தி, 2 நிமிடம் 2.70 வினாடியில் முடித்தார். அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

அடுத்த சில நாள்கள் எல்லாரும் பேசியது காலணியைப் பற்றி. இரண்டு காலிலும் வெவ்வேறு காலணி, அதுவும் கிழிந்தது. வாங்க வழியில்லாமல் அப்படியே ஓடினார் என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் பறந்தது. மலேசியத் தமிழர்களின் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்ந்தது. கோமதியே வாய் திறந்து, அது தான் விரும்பிப் போட்டுக்கொண்ட ராசியான காலணி என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவர் அப்போது வருமான வரித் துறை ஊழியர். விளக்கம் வந்த பிறகும் படம் நிற்கவில்லை. கடைசி நூறு மீட்டரில் அவர் எப்படி இரண்டு பேரைத் தாண்டினார் என்பதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவர்களைவிட, அந்தக் காலணியைப் பார்த்துக் கண்கலங்கியவர்களே அதிகம்.

அது தேர்தல் காலம். தமிழ்நாட்டு வாக்குப்பதிவு முடிந்து நான்கே நாள் ஆகியிருந்தது. அ.தி.மு.க. 15 லட்சம் ரூபாய், தி.மு.க. 10 லட்சம், தமிழகக் காங்கிரஸ் 5 லட்சம், நடிகர் விஜய் சேதுபதி 5 லட்சம் எனப் பரிசுகள் குவிந்தன. ஓர் ஓட்டக்காரிக்கு இவ்வளவு கிடைத்ததில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பதக்கம் வந்தவுடன் பணம், மாலை, ஏழ்மைக் கதை என்று வரிசையாக வரும் இந்த வரவேற்புக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதில் ஓட்டத்துக்குக் கிடைத்த இடம் எப்போதும் சிறியதுதான்.

மலேசியாவில் அந்த வரலாறு உற்சாகமாகவே தொடங்கியது. 1966-ல் பாங்காக் ஆசிய விளையாட்டில் டாக்டர் எம். ஜெகதீசன் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 தொடரோட்டம் என மூன்று தங்கம் வென்றார். எம். ராஜாமணி பெண்கள் 400 மீட்டரில் தங்கம் வென்றார். அதற்கு முந்தைய ஆண்டு கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டில் ராஜாமணி 400, 800 இரண்டையும் வென்றிருந்தார். தேசிய விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் 1966-ல்தான் ஏற்படுத்தப்பட்டன. முதல் ஆண்டில் அவற்றைப் பெற்றவர்கள் இந்த இருவரே. சுதந்திரம் பெற்று பத்தாண்டு நிறையாத நாட்டில், எல்லா இனத்தவரும் சேர்ந்து கைதட்டிய முதல் தடகள நாயகர்கள் இரண்டு தமிழர்கள்! ஜெகதீசனைப் 'பறக்கும் மருத்துவர்' என்று நாடே கூப்பிட்டது. 1968-ல் மெக்சிகோவில் அவர் 200 மீட்டரை ஓடிய 20.92 வினாடி 2017 வரை தேசியச் சாதனையாக நின்றது.

நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் அமையவில்லை. காரணம் ஓரளவு ஓட்டத்தின் இயல்பிலேயே இருக்கிறது. நூறு மீட்டர் பத்து வினாடியில் முடிந்துவிடும், கண்ணை எடுக்க நேரமில்லை. பத்தாயிரம் மீட்டர் என்றால் இருபத்தைந்து சுற்று, அரை மணி நேரம். தொலைக்காட்சி இடையில் வேறு போட்டிக்குத் தாவிவிடும். திரும்பி வரும்போது கடைசிச் சுற்று மணி அடித்திருக்கும். எம். ராமச்சந்திரன் 1990-களில் 5,000, 10,000 மீட்டரில் வைத்த தேசியச் சாதனைகள் இருபது ஆண்டுக்கும் மேல் அசையாமல் இருந்தன. ஒரு சாதனை அவ்வளவு காலம் நிற்பது அவருக்குப் பெருமை, நாட்டுக்கு எச்சரிக்கை. இரண்டையும் பற்றி அதிகம் எழுதப்படவில்லை.

நெடுந்தூர ஓட்டத்தைப் பற்றி எழுதும்போது கேமரன் மலையை நினைக்காமல் இருக்க முடியாது. பிரிஞ்சாங்கைத் தாண்டி, கம்போங் ராஜாவுக்குப் போகும் வழியில் திரிங்காப் இருக்கிறது. சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள். மேலேயும் கீழேயும் தேயிலை. 1929-ல் ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்தச் சரிவுகளில் ஏறி இறங்கியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரம், குளிர்ந்த காற்று, மட்டமான தரையே கிடைக்காத பாதைகள். தோட்டத்துப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக் குறுக்கோட்டத்தில் ஓடும் வழி, வேறு ஊரில் பயிற்சியாளர்கள் தேடிப் போகும் வழி.

இதே போன்ற இன்னொரு தேயிலை மலை கென்யாவில் இருக்கிறது. கெரிச்சோ. அங்கும் வெள்ளைக்காரத் துரைகள், அங்கும் கொழுந்து பறிக்கும் கூலிகள், அங்கும் லயன் வீடுகள். அந்தக் கெரிச்சோ பகுதியில் பிறந்த வில்சன் கிப்ருகுட் 1964-ல் டோக்கியோவில் 800 மீட்டரில் வெண்கலம் வென்றார். கென்யாவின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். நான்கு ஆண்டு கழித்து மெக்சிகோவில் வெள்ளியும் வென்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்களின் பட்டியலுக்கு முடிவே இல்லை.

கெரிச்சோ கேமரன் மலையைவிட உயரம் என்பது உண்மை. ஆனால் உயரம் மட்டும் ஓட்டக்காரர்களை உண்டாக்கிவிடாது. கிப்ருகுட் ராணுவத்தில் இருந்தவர். கென்யாவில் ராணுவம், காவல் துறை, சிறைத் துறை மூன்றும் ஓடத் தெரிந்த இளைஞர்களைத் தேடிப் பிடித்து, சம்பளம் கொடுத்து ஓடவிட்டன. பதக்கத்துக்கு முன்பே வேலை கிடைத்தது. நம் தோட்டங்களில் ஓடத் தெரிந்த பிள்ளைக்கு, பள்ளி விளையாட்டுப் போட்டி முடிந்த மறுநாள் போக ஓர் இடம் இல்லாமல் போயிற்று.

1998-க்கு வருவோம். காமன்வெல்த் விளையாட்டு முதன்முறையாக ஆசியாவில், கோலாலம்பூரில் நடந்தது. நாடு அப்போது இருந்த நிலை சாதாரணமானது அல்ல. செப்டம்பர் தொடக்கத்தில் ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்டார்கள். அதே நேரத்தில் துணைப் பிரதமர் அன்வார் இப்ராகிம் பதவி நீக்கப்பட்டார். போட்டிகள் முடிவதற்கு முந்தைய நாள் இரவு கைதானார். தெருவில் ஆர்ப்பாட்டம், புக்கிட் ஜாலில் அரங்கில் ஆரவாரம், இரண்டும் ஒரே வாரத்தில்.

அந்த நாள்களில்தான் கோவிந்தசாமி சரவணன் 50 கிலோமீட்டர் வேகநடையில் இறங்கினார். பார்ப்பவருக்கு வேடிக்கையாகத் தெரியும் போட்டி அது. ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருக்க வேண்டும். முன்னங்கால் தரையைத் தொடும்போது முழங்கால் மடங்கக் கூடாது. நடுவர்கள் வழியெங்கும் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போதைய விதிப்படி மூன்று சிவப்பு அட்டை விழுந்தால் வெளியே போக வேண்டும். கோலாலம்பூர் வெயிலிலும் ஈரத்திலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் இப்படி நடப்பது என்பது உடம்பை அணு அணுவாகக் கரைக்கும் வேலை.

நியூசிலாந்தின் கிரெய்க் பாரெட் வெகுதூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். தங்கம் அவருக்கே என்று எல்லாரும் முடிவு செய்துவிட்ட கட்டத்தில், முடிய ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது, வெயிலில் உடல் வற்றித் தள்ளாடிச் சாய்ந்தார். சரவணன் 4 மணி 10 நிமிடம் 5 வினாடியில் முதலாவதாக வந்து முடித்தார். ஆஸ்திரேலியாவின் டுவேன் கசின்ஸ் அரை நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் பின்னால் வந்தார். காமன்வெல்த் விளையாட்டில் மலேசியாவுக்குக் கிடைத்த முதல் தடகளத் தங்கம்.

ஒருவர் விழுந்ததால் இன்னொருவர் வென்றார் என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்பவர் அந்தப் போட்டியைப் புரிந்துகொள்ளவில்லை. வேகத்தை எங்கே அடக்குவது, எப்போது தண்ணீர் குடிப்பது, அடுத்தவன் முன்னால் போனால் எவ்வளவு நேரம் பொறுப்பது, இவைதான் அந்த ஐம்பது கிலோமீட்டரின் உள்ளடக்கம். அந்த வெயிலை யார் சரியாகக் கணக்கிட்டார்களோ அவர்கள் நின்றார்கள். கசின்ஸும் நின்றார், அவரையும் கடைசிவரை தடுத்து வைக்க வேண்டியிருந்தது. அன்றைய தங்கம் பொறுமைக்கும் கணக்குக்கும் கிடைத்த தங்கம்.

அந்தப் போட்டிகளில் மலேசியா 10 தங்கம் வென்றது. மனம் உடைந்திருந்த நேரத்தில் நாட்டுக்கு அவை ஒவ்வொன்றும் தேவைப்பட்டன. சரவணனின் தங்கத்தைத் தேசம் தன் பெருமையாக எடுத்துக்கொண்டது. தமிழர்கள் தங்கள் பெருமையாகவும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் நியாயமே. ஆனால் வேகநடை என்றால் என்ன, நம் பிள்ளைகளில் யார் அதற்குப் பொருத்தமானவர்கள், அடுத்த சரவணன் எங்கிருந்து வருவார் என்ற பேச்சு அந்தக் கைதட்டலின் நீளத்துக்கு நடக்கவில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கதையின் கடுமையான பக்கம் புதுக்கோட்டையில் இருக்கிறது. கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்திரராஜன், 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி வெள்ளி வென்றார். சில நாள்களிலேயே பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை என்று அறிவித்துப் பதக்கத்தைப் பறித்தார்கள். வீட்டார் அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்க்கும் நிலை. மருத்துவ விவரம் காப்பாற்றப்பட வேண்டிய ரகசியம் என்ற எண்ணம் அப்போது யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. முதல்வர் கருணாநிதி பின்வாங்காமல் 15 லட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்தார். அந்த ஒரு செயலுக்காகவே அவரை நினைவுகூர வேண்டும். சாந்தி அந்தப் பணத்தில் ஊர்ப்பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார்.

பிறகு கைதட்டியவர்கள் கலைந்தார்கள். 2012-ல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்வதாகப் பத்திரிகைகள் எழுதின. நாடு மறுபடி ஒருமுறை அவரைத் திரும்பிப் பார்த்தது. பயிற்சியாளர் படிப்பை முடித்த அவருக்கு, 2016-ல்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. பதக்கத்துக்கும் வேலைக்கும் இடையே பத்தாண்டு.

2009-ல் பெர்லினில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா உலகச் சாம்பியனானபோதும் இதே சோதனை, இதே கூச்சல். ஆனால் ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் ஆடிப் பாடி அவரை வரவேற்றார்கள். அவருடைய அரசு உலகத் தடகளச் சங்கத்தை வெளிப்படையாக எதிர்த்தது. செமன்யாவின் பதக்கம் அவரிடமே இருந்தது. சாந்திக்காக இந்தியத் தடகள அமைப்பு அப்படி எழுந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி இன்னும் வலிக்கிறது.

கோமதியின் தங்கமும் நிலைக்கவில்லை. ஊக்கமருந்துச் சோதனையில் நான்ட்ரோலோன் கண்டுபிடிக்கப்பட்டு, 2020-ல் நான்கு ஆண்டுத் தடை வந்தது; தங்கம் வாங் சுன்யூவுக்குப் போனது. தவறு செய்யவில்லை என்றே கோமதி சொன்னார். சாந்திக்கு நடந்ததும் இதுவும் ஒன்றல்ல. சாந்தி எந்த விதியையும் மீறவில்லை, அவருடைய உடம்பே குற்றமாக்கப்பட்டது. இங்கே ஒரு விதி மீறப்பட்டதாகத் தீர்ப்பு. இந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்க ஓட்டத்தைக் கொஞ்சமாவது அறிந்திருக்க வேண்டும். காலணியைப் பார்த்து அழுத கூட்டத்துக்கு அது தேவைப்படவில்லை. படத்தை அனுப்பிய அதே கைகள் வசையையும் அனுப்பின.

அதே புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர், ராணுவ வீரர் கோவிந்தன் லட்சுமணன் 2017-ல் புவனேஸ்வர் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். கோமதிக்குக் கிடைத்த ஆரவாரம் அவருக்குக் கிடைக்கவில்லை. அவருடைய பெயரை நாடு கேட்டது அடுத்த ஆண்டு, ஒரு பதக்கத்தை இழந்தபோது. 2018 ஆகஸ்ட் 26, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு, ஆண்கள் 10,000 மீட்டர். 29 நிமிடம் 44.91 வினாடியில் மூன்றாவதாக வந்தார். 1998-ல் குலாப் சந்த் வென்றதற்குப் பிறகு இந்தியாவுக்கு அந்த ஓட்டத்தில் ஒரு பதக்கம் என்று கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓட்டத்தின் நடுவே ஒரு கால் ஓடுபாதையின் உள்கோட்டைத் தாண்டி விழுந்திருந்தது. விதிப்படி நீக்கினார்கள். மேல்முறையீடும் தோற்றது. வெண்கலம் சீனாவின் ஜாவோ சாங்ஹோங்குக்குப் போனது.

இந்த முறை கூட்டம் ஓட்டத்தைப் பார்த்தது. அந்தக் கால் எங்கே விழுந்தது, தள்ளப்பட்டாரா, அதனால் அவருக்கு ஏதாவது லாபம் உண்டா, எத்தனையாவது சுற்று என்று காணொளியை நிறுத்தி நிறுத்தி வாதாடினார்கள். ஒரு நெடுந்தூர ஓட்டத்தைப் பற்றி இந்தியாவில் அவ்வளவு நுணுக்கமாக மக்கள் பேசியது அபூர்வம். விளையாட்டுத் துறை அமைச்சர் ராஜ்யவர்தன் ராத்தோர், தாமே ஒலிம்பிக் வெள்ளி வென்ற துப்பாக்கி வீரர், லட்சுமணனைத் தனியே அழைத்து 10 லட்சம் ரூபாய் கொடுத்தார். பதக்கப் பட்டியலில் இல்லாத ஒருவருக்கு, அவர் ஓடிய ஓட்டத்துக்காகவே கொடுக்கப்பட்ட பரிசு அது.

குலாப் சந்துக்குப் பிறகான அந்த இடைவெளி 2023 செப்டம்பர் 30-ஆம் தேதி ஹாங்ஜோவில் முடிந்தது. கார்த்திக் குமார் 28 நிமிடம் 15.38 வினாடியில் வெள்ளியும், இரண்டு வினாடி பின்னால் குல்வீர் சிங் வெண்கலமும் வென்றார்கள். குல்வீரும் லட்சுமணனைப் போல ராணுவத்தில் இருந்துகொண்டு ஓடியவர்.