நாரும் நாற்காலியும்

சாத்தான்குளத்தை அடுத்த சிற்றூரில் உள்ள எங்கள் பழைய வீட்டில் ஒரு நார்க்கட்டில் இருக்கிறது. கால்கள் பூவரசு, சட்டங்கள் பனை வைரம். தாத்தா தம் கையாலேயே செய்தது என்று சொல்வார்கள். அவர் தச்சர் அல்லர். காலையிலும் மாலையிலும் பனையேறியவர், இடையில் கிடைத்த பொழுதில் கட்டில் செய்தவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நார் இரண்டு முறை மாற்றிப் பின்னப்பட்டிருக்கிறது. சட்டமும் காலும் அப்படியே இருக்கின்றன.

அதே வீட்டில் ஒரு நாற்காலியும் உண்டு. அது எப்போது வந்தது, யார் வாங்கியது என்று எவருக்கும் தெளிவாகத் தெரியாது. ஆச்சி அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. விருந்தினர் வந்தால் துடைத்துப் போடுவார், அவர்கள் போனதும் சுவரோரம் நகர்த்தி வைப்பார். கட்டில் எங்களுடையது, நாற்காலி வருகிறவர்களுடையது என்பது அந்த வீட்டின் எழுதாத விதி. அந்த விதிக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது என்று எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

திருச்செந்தூரிலிருந்து உடன்குடி வழியாகச் சாத்தான்குளம் வருகிறவர்கள் தேரியின் செம்மணலைப் பார்த்திருப்பார்கள். மழை மறைவுப் பிரதேசம். ஆழமாக வேரோடும் மரங்களே இங்கு தாக்குப்பிடிக்கும். தேக்கோ கருங்காலியோ இம்மண்ணில் காடாக வளர்ந்ததில்லை. பனை, உடை, வேம்பு, பூவரசு, புளி, மஞ்சணத்தி ஆகியவையே இங்குள்ளவர்களின் மரக்கிடங்கு. எனவே வீட்டுச் சாமான்களும் அவற்றுக்குள் அடங்கின. உட்காரத் திண்ணையும் மணைப்பலகையும், படுக்கப் பாயும் கட்டிலும், நெல்லும் துணியும் வைக்கப் பெட்டியும் இருந்தால் ஒரு வீடு நிறைந்துவிடும். ‘அறைகலன்’ என்று இன்று எழுதுகிறோமே, அது அண்மைக்கால ஆக்கம். அப்படியொரு பொதுச்சொல் தேவைப்படும் அளவுக்குப் பொருள்கள் பெரும்பாலோர் வீடுகளில் இருந்ததில்லை.

பனை ஒருவித்திலைத் தாவரம். மற்ற மரங்களைப் போல ஆண்டு வளையங்கள் அதற்கு இல்லை, வைரம் நடுவிலும் இல்லை. வெளிப்புறத்தில், அதிலும் அடிமரத்தை ஒட்டிய வெளிப்புறத்தில்தான், கருப்பு நார்க்கற்றைகள் நெருக்கமாக அடைந்து இறுகியிருக்கும். உள்ளே போகப்போகச் சோறு போன்ற மென்மை. ஆகவே பனையை அறுப்பதைவிட ஆப்பு வைத்துப் பிளப்பதே வழக்கம். பிளந்து, சோற்றைச் செதுக்கித் தள்ளி, விளிம்பில் நிற்கும் வைரத்தை மட்டும் எடுத்தால் உத்திரமும் கைமரமும் கட்டில் சட்டமும் கிடைக்கும். இளம் பனையில் இந்த வைரம் இருக்காது. பாட்டன் நட்ட பனையைப் பேரன்தான் வெட்ட முடியும் என்பது அலங்காரப் பேச்சல்ல, மரவேலைக் கணக்கு.

நாரின் கதை வேறு. பச்சை மட்டையை வெட்டி, இருபுறமும் ரம்பப் பல்போல நிற்கும் கருக்கைச் சீவ வேண்டும். பாமா 1992இல் வெளியான தம் நூலுக்குக் ‘கருக்கு’ என்று பெயரிட்டது இந்தப் பல்லை வைத்துத்தான். மட்டையின் மேல்தோல் புறணி, உட்பகுதி அகணி. இரண்டையும் தனித்தனியே உரித்து, ஒரே அகலத்தில் கிழித்து, காயவைத்து எடுத்து வைப்பார்கள். பின்னும் நாளில் தண்ணீரில் ஊறவைத்தால் நார் மீண்டும் வளையும். ஈரத்தோடு இழுத்துப் பின்னிய நார் காய்ந்தபின் சட்டத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். கட்டிலின் விறைப்பு ஆணியால் வருவதன்று, அந்த இழுவிசையால் வருவது. சட்டத்தின் முனையைக் குடுமியாகச் செதுக்கிக் காலின் துளையில் செருகிவிட்டால் போதும். நாரே நான்கு மூலைகளையும் உள்நோக்கி இழுத்துப் பிடிக்கும். பசையும் இரும்பும் இல்லாத ஒரு பொருத்து இது. தச்சர் அல்லாத ஒருவரும் செய்ய முடிந்ததற்குக் காரணமும் இதுதான்: மரத்தில் நேர்ந்த சிறு பிழையை நார் மன்னித்துவிடும்.

கட்டில் என்ற சொல் மிகப் பழையது. ‘கட்டு’ என்ற வினையோடு அதற்கு உறவு காண்போர் உண்டு. வடமொழியின் ‘கட்வா’வையும் திராவிட மூலத்தோடு இணைத்துப் பார்த்த மொழியறிஞர்கள் இருக்கிறார்கள். இந்தியின் ‘காட்’ ஆங்கிலத்தில் போய்ச் சிறு படுக்கையைக் குறிக்கும் சொல்லாயிற்று. போர்ச்சுக்கீசியரோ மேற்குக் கரையில் கேட்ட ‘கட்டில்’ என்ற சொல்லையே தம் குறிப்புகளில் எடுத்தாண்டார்கள்.

சங்க இலக்கியத்தில் கட்டில் வெறும் படுக்கை அன்று. அரசுகட்டில் என்றால் சிம்மாசனம், முரசுகட்டில் என்றால் வீரமுரசை வைக்கும் புனித இடம். நெடுநல்வாடையில் வரும் பாண்டிமாதேவியின் கட்டில் யானைத் தந்தத்தால் ஆனது. தந்தம் எங்கிருந்து வந்தது, எப்படிக் கடையப்பட்டது என்று ஒரு தச்சனுக்குரிய கவனத்தோடு அப்பாட்டு சொல்லிச் செல்கிறது. புறநானூற்றின் 50ஆம் பாட்டின் பின்னணியை இலக்கிய வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. முரசுகட்டில் என்று அறியாமல் அதில் ஏறித் துயின்ற மோசிகீரனாரைக் கொல்லாமல் விட்டதோடு, அவர் எழும்வரை கவரி வீசி நின்றான் பெருஞ்சேரல் இரும்பொறை. அந்தப் பெருந்தன்மையை நாம் பாராட்டிக்கொண்டே இருக்கிறோம். ஆனால் அப்பாட்டு மறைமுகமாகச் சொல்லும் இன்னொரு செய்தியும் உண்டு. தவறான கட்டிலில் படுத்தால் தலை போகும் என்பதே அன்றைய விதி. புலவர் பெற்றது விதிவிலக்கு.

கடலோரத்துக்கு வருவோம். போர்ச்சுக்கீசியர் 1520களில் முத்துக்குளித்துறைக்கு வந்தார்கள். 1530களின் நடுவில் பரதவர்கள் கத்தோலிக்க மதத்தைத் தழுவினார்கள். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவர்களுக்குப் பின் தமிழில் நிலைத்துவிட்ட சொற்களைப் பாருங்கள்: மேசை, அலமாரி, சன்னல், சாவி. பூட்டி வைக்கும் பொருளும் அதைத் திறக்கும் கருவியும் கடல் வழியே வந்த சொற்களாக இருக்கின்றன. ஈழத்தில் இந்தப் பட்டியல் இன்னும் நீளும். நாற்காலி அங்கே கதிரை, நீளப்பலகை வாங்கு. இரண்டும் போர்ச்சுக்கீசிய வரவு. மேசையின் இழுப்பறைக்கு அங்குள்ள பெயர் லாச்சி, அது டச்சு வரவு. நம் பக்கம் மட்டும் நாற்காலி தமிழாகவே நின்றது. நான்கு கால் உடையது என்ற அந்தப் பெயரில் ஒரு வியப்பு தொனிப்பதாக எனக்குத் தோன்றும். கட்டிலுக்கும் நான்கு கால்தான். ஆனால் கட்டிலை யாரும் கால்களை எண்ணி அழைக்கவில்லை.

1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. இடையில் சில முறை கைமாறி, 1825இல் ஆங்கிலேயரிடம் முடிவாகச் சேர்ந்தது. அந்த 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரைத் தச்சர்கள் ஐரோப்பியருக்காகக் கருங்காலியில் நாற்காலிகள் செய்தார்கள்: கடைந்த கால்கள், நிறையச் செதுக்கு வேலை. அவற்றில் சில இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, நூறாண்டுகளுக்குள் ஊர்பேர் தெரியாமற் போயின. 18ஆம் நூற்றாண்டில் எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் அத்தகைய நாற்காலிகளைத் தேடி வாங்கித் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் வைத்தார். அவை பழைய டியூடர் காலத்து ஆங்கில வேலைப்பாடு என்பது அவர் நம்பிக்கை. தமிழ்க் கரையின் உளி வேலையை ஓர் ஆங்கிலேயர் தம் முன்னோரின் சொத்தாக எண்ணிப் போற்றினார். செய்தவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. தாம் செய்த நாற்காலியில் தாமே ஒருநாள் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்களா என்பதும் தெரியாது.

சாத்தான்குளம் வட்டாரத்துக்கு நாற்காலியும் பெஞ்சும் பரவலாக வந்தது கப்பலில் அன்று, பள்ளிக்கூடத்தின் வழியாக. 1799இல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியாரின் முயற்சியில் புதுக் கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு குடியிருப்பு உருவானது. அத்தகைய குடியிருப்புகளில் முதலாவது என்பதால் அதற்கு முதலூர் என்றே பெயர். 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல், அங்கே 1847இல் தொடங்கிய ஆலயத்தை 1880இல்தான் முடித்தார். 33 ஆண்டுகள் ஒரு கட்டடம் எழும்போது அதைச் சுற்றிக் கொத்தர்களும் தச்சர்களும் ஒரு தலைமுறையாக உருவாகிவிடுவார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தை அடுத்து, நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் 1878இல் ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். அங்கே கற்பிக்கப்பட்ட தொழில்களில் தச்சும் ஒன்று.

இதன் பொருளைச் சற்று நிதானமாக யோசிக்க வேண்டும். தச்சு அதுவரை பிறப்பால் வருவது. கம்மாளர் வீட்டில் பிறக்காத பையன் உளி பிடித்தால் அது விளையாட்டு. தொழிற்பள்ளி அதைப் படிப்பாக மாற்றியது. இழைப்புளியும் மூலைமட்டமும் யார் கைக்கும் போகலாம் என்றாயிற்று. வகுப்பறையின் பெஞ்சும் இதே காரியத்தைச் செய்தது. ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரச் சொல்வது இந்த மண்ணில் சாதாரணக் கட்டளை அன்று. எல்லாப் பள்ளிகளிலும் அது உடனே நடந்துவிடவில்லை. நெடுங்காலம் தனிப் பெஞ்சும் தனிக் குவளையும் வைத்திருந்த தேநீர்க் கடைகளை நாம் அறிவோம்.

மெருகைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் நார்க்கட்டிலுக்கு மெருகு என்று எதுவும் பூசவில்லை. உடம்பு பட்டுப் பட்டுச் சட்டம் வழவழப்பானது. பூச்சி வராமலிருக்க ஆண்டுக்கொருமுறை வேப்பெண்ணெய் தடவுவார்கள். கடற்கரையில் புன்னை எண்ணெயும், முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயும் மரத்துக்குக் காவல். நாற்காலிக்கோ ‘பாலிஷ்’ வந்தது. அரக்கைச் சாராவியில் கரைத்து, துணிப் பொதியில் தோய்த்து, மெல்லிய படலம் படலமாகத் தேய்க்கும் அந்த முறை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பரவியது. ஆனால் அதன் அரக்கு இந்தியக் காடுகளில் ஒரு சிறு பூச்சி சுரப்பது. பாரதத்தின் அரக்கு மாளிகையைக் கேட்டு வளர்ந்த நாட்டுக்கு, அரக்கு பிரெஞ்சுப் பெயரோடு திரும்பி வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டின் ஓட்டுக்கூரையைப் பிரித்தபோது பனங்கைமரங்களை விறகுக்கு எடைபோட்டு வாங்க ஆள் வந்தார். நான்கை மட்டும் நிறுத்திவைத்து, ஒரு பெஞ்சு செய்து பார்ப்பது என்று முடிவுசெய்தேன். முதல் நாளே இழைப்புளியின் வாய் மழுங்கியது. பனை நார்க்கற்றை இரும்பையே தின்னும். எதிர்த்திசையில் தள்ளினால் சிராய் எழும்பிக் கையில் ஏறும். சிராயைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாலைகள்தாம் அதிகம். பிறகு இழைப்பை விட்டுவிட்டு, உப்புத்தாளால் முரட்டிலிருந்து மென்மைக்குப் படிப்படியாக இறங்கினேன். கரும்புகை படிந்த மேல்தோலுக்குக் கீழே பழுப்பிலும் கருப்பிலும் கோடுகள் தெளிந்தன. வேப்பெண்ணெய் ஊறுமே தவிர இறுகாது, உட்கார்ந்தால் துணியில் ஒட்டும். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு கலந்து இறுகும். மூன்று முறை மெல்லியதாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் நன்கு காயவிட்டேன். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. இறுகும்போது எழும் வெப்பத்தில் அது தானே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவைக்க வேண்டும்.

பெஞ்சு சற்றே ஆடுகிறது. ஒரு காலின் குடுமி சரியாக அமையவில்லை. நாராக இருந்தால் மன்னித்திருக்கும். பலகை மன்னிப்பதில்லை.

பனையை எண்ணித்தான் கவலை. செங்கல் சூளைகளுக்காக வெட்டப்பட்டவை கணக்கில் அடங்கா. தமிழ்நாட்டின் மாநில மரம் அது. 2021இல் மாநில அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கப்படும் என்றும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தார்கள். நல்லது. ஆனால் இன்று ஊன்றும் விதை வைரம் பாய நம் ஆயுள் போதாது. அதற்குள் மட்டையிலிருந்து அகணி உரிக்கத் தெரிந்த கைகள் மிஞ்சுமா என்பதுதான் கேள்வி. நைலான் பட்டையும் நெகிழி நாற்காலியும் மலிவு. அவற்றைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நெகிழி நாற்காலி வந்த பிறகுதான் பல வீடுகளில் எல்லோரும் ஒரே உயரத்தில் உட்கார்ந்தார்கள்.

எல்லா இடத்திலும் அல்ல. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் கூட்டத்தின்போது தரையில் அமர்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியாயிற்று. வழக்குப் பதிவாகி, கைது நடவடிக்கைகளும் நடந்தன. முரசுகட்டிலின் காலம் முடிந்துவிட்டது என்று நாம் நம்புகிறோம். விதிவிலக்கு அளிக்கப் பெருஞ்சேரல் இரும்பொறைகள்தாம் இல்லை.

பெஞ்சை ஆச்சியிடம் காட்டினேன். அவருக்குத் தொண்ணூறு நெருங்கிக்கொண்டிருந்தது. பலகையைத் தடவிப் பார்த்து, “இது நம்ம அடுக்களைக் கைமரந்தான?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒன்றும் சொல்லாமல் அதில் உட்கார்ந்து, கால்களை நீட்டிக்கொண்டார்.