நீலமும் இராசாவர்த்தமும்: தென்காசி – குற்றாலப் பகுதியை முன்வைத்து

தமிழ் இலக்கியங்களிலும் கல்வெட்டுகளிலும் இடம்பெறும் நீலநிறக் கற்களை இனங்காண்பதில் ஒரு மயக்கம் நெடுநாளாக நிலவுகிறது. லாபிஸ் லசூலி ஒளி ஊடுருவாத கல். அடர்நீலப் பரப்பில் வெண்ணிறக் கால்சைட் கோடுகளும் பொன்னிறப் பைரைட் புள்ளிகளும் கொண்டது. கடினத்தன்மை 5 முதல் 5.5 வரை. நவமணிகளுள் ஒன்றான நீலமோ ஒளி ஊடுருவும் குருந்தக்கல், கடினத்தன்மை 9. பண்டைய உலகின் லாபிஸ் தேவையைப் பெரும்பாலும் நிறைவு செய்தது ஆப்கானிஸ்தானத்துப் பதக்‌ஷான் மலைப்பகுதியின் சர்-இ-சங் சுரங்கம். எனவே ஒரு சான்றிலுள்ள நீலக்கல் எது என்பதைப் பொறுத்து, அதிலிருந்து எழுதப்படும் வணிக வரலாறே மாறிவிடுகிறது.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த 'எரித்திரேயக் கடல் பெரிப்ளுஸ்' இவ்விரு கற்களையும் வெவ்வேறு துறைமுகங்களுக்கு உரியனவாகக் காட்டுகிறது. சிந்து முகத்துவாரத்துப் பார்பரிகோன் துறையின் ஏற்றுமதியில் லாபிஸும் பேரோசனையும் உள்ளன. முசிறி, நெல்கிந்தா ஆகியவற்றின் பட்டியலில் வைரமும் நீலமும் பலவகை ஒளிபுகு கற்களும் உள்ளன, லாபிஸ் இல்லை. கிரேக்கத்தில் லாபிஸைக் குறித்த 'சப்ஃபைரோஸ்' என்னும் சொல்லே பிற்காலத்தில் நீலக்கல்லின் பெயராயிற்று என்பதால், இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று.

நெல்கிந்தா பாண்டியருக்கு உரியது என்று அந்நூலே கூறுகிறது. மேற்குக் கடற்கரையிலிருந்த அத்துறையைப் பாண்டிநாட்டின் உட்பகுதியோடு இணைக்க மலைத்தொடரைக் கடந்தாக வேண்டும். குற்றாலத்தை அடுத்த செங்கோட்டை – ஆரியங்காவுக் கணவாய் அத்தகைய இயற்கை வழிகளுள் ஒன்று. இவ்வழியில் நீலக்கல் புழங்கியிருப்பின், அது இலங்கையிலிருந்தோ கொங்குநாட்டிலிருந்தோ வந்த குருந்தமாகவே இருந்திருத்தல் கூடும். கொடுமணல் அகழாய்வில் நீலக்கல், பெரில், படிகம் ஆகியவற்றில் மணி செய்ததற்கான தடயங்கள் கிடைத்திருப்பதும் இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது.

லாபிஸுக்குத் தமிழ்ச் சான்று இல்லாமல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டுகள் அணிகலன்களை விவரிக்கையில் 'ராஜாவர்த்தம்' என்னும் கல்லைத் தனியே பெயர் சுட்டுகின்றன. ஹுல்ஷ் அதனை லாபிஸ் லசூலி என்றே மொழிபெயர்த்தார். முத்தோடு கோக்கப்பட்ட பவழமும் ராஜாவர்த்தமும் அங்கே எண்ணிக்கையிட்டு அடுத்தடுத்துக் குறிக்கப்படுகின்றன. வைரமும் மாணிக்கமும் பொன்னில் பதிக்கப்படுகின்றன. ஒளிபுகாக் கல்லைத் துளையிட்டுக் கோப்பதும் ஒளிபுகு கல்லைப் பதிப்பதும் பொற்கொல்லர் மரபுக்கு இயல்பானவையே. ஆயினும் மொழிபெயர்ப்பாளர் பலர் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. பௌத்த நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகளில் வைடூரியம் பலவிடத்தும் லாபிஸாக மாறியிருப்பது இதற்கு எடுத்துக்காட்டு. அதே முறையில் 'நீலம்' என்ற சொல்லை லாபிஸ் எனப் பெயர்த்தால், நடைபெறாத பதக்‌ஷான் வணிகம் ஒன்று தென்பாண்டி நாட்டுக்கு உருவாகிவிடும். ராஜாவர்த்தத்தை வெறும் நீலக்கல் என்றால், நடைபெற்ற வணிகம் மறைந்துவிடும்.

தென்காசியை அடுத்த மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய குற்றாலக் குறவஞ்சி இங்கு வேறு வகையில் பயன்படுகிறது. சிங்கன் ஒவ்வோர் அணியையும் அதன் தோற்றம் கொண்டு வினவ, சிங்கி அணியின் பெயரோடு அது கிடைத்த வகையையும் சொல்கிறாள். சிலம்புக்குச் சேலத்து நாடும் காலாழி, பீலிக்குக் கண்டி தேசமும் கூறப்படுகின்றன. பேசப்படுபவை கால் அணிகள். ஆதலால் மணிக்கற்களுக்கு இவை நேர்ச்சான்றாகா. எனினும் நீலக்கல்லுக்குப் பெயர்போன இலங்கையின் மலைநாட்டோடு குற்றால வட்டாரம் அணிகலன் வழித் தொடர்பைக் கற்பனை செய்ய இயன்றது என்பதை அப்பகுதி உணர்த்துகிறது. அவ்வட்டாரக் கோயில் அணிகலப் பதிவுகளில் 'நீலம்' என்று மட்டும் வருமிடத்தில், கல் பதிக்கப்பட்டதா கோக்கப்பட்டதா என்பதை முதலில் நோக்கிய பின்னரே பொருள் கொள்ளுதல் தகும்.