சாப்பிட்ட பிறகும் ரீல்ஸ் பார்த்தா பசிக்குதா? செல்போனில் மாற்ற வேண்டியது என்ன?

இரவு 8 மணிக்கே இட்லி சாப்பிட்டாச்சு. 10.30 மணிக்கு படுத்துக்கிட்டே செல்போனைத் திறந்தால், கொத்து பரோட்டா தட்டும் சத்தம். அடுத்த ரீலில் பிரியாணிக்கு தம் உடைக்கிறார்கள். பத்தே நிமிஷத்தில் விரல் டெலிவரி ஆப் பக்கம் போய்விடுகிறது. 'எனக்கு வாய்க்கட்டுப்பாடே இல்லை' என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். ஆனால், இதில் செல்போனின் பங்கும் பெரியது.

வயிறு நிறைந்தும் ஏன் பசிக்குது?

உணவைப் பார்த்தாலே வாயில் எச்சில் ஊறும், இரைப்பையில் அமிலம் சுரக்கும். சாப்பாடு வரப்போகிறது என்று உடல் தயாராவதுதான் இது. ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் மனநல ஆராய்ச்சி நிறுவனத்தினர் 2012-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், உணவுப் படங்களைப் பார்த்தவர்களின் ரத்தத்தில் பசியைத் தூண்டும் 'கிரெலின்' ஹார்மோன் அதிகரித்தது தெரியவந்தது. திரையில் இருப்பது வெறும் படம்தான் என்பது மூளைக்குத் தெரியும். உடம்பு அதற்காகக் காத்திருப்பதில்லை.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 9 முதல் 11 வயது வரையிலான 176 குழந்தைகளுக்கு, பிரபல யூடியூபர்களின் இன்ஸ்டாகிராம் படங்களைக் காட்டினார்கள். நொறுக்குத்தீனியோடு இருந்த படங்களைப் பார்த்த குழந்தைகள், உணவே இல்லாத படங்களைப் பார்த்தவர்களைவிட மொத்தத்தில் 26% கூடுதல் கலோரி சாப்பிட்டார்கள். 2019-ல் வெளியான ஆய்வு இது.

அப்போ ஹெல்தி பேஜ் ஃபாலோ பண்ணா போதுமா?

போதாது. அதே ஆய்வில் ஆரோக்கியமான உணவோடு இருந்த படங்களைப் பார்த்த குழந்தைகள், அந்த உணவைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால் நாலு சாலட் பக்கங்களைச் சேர்ப்பதைவிட, தூண்டுகிற வீடியோக்களைக் குறைப்பதுதான் முதல் வேலை. ஆனால் நண்பர்கள் கதை வேறு. சமூக வலைதளத்தில் தன் வட்டத்தினர் பழம், காய்கறி நிறைய சாப்பிடுவதாக நினைக்கும் மாணவர்கள், தாங்களும் அதிகம் சாப்பிடுவதாக ஆஸ்டன் பல்கலைக்கழகத்தின் 2020 ஆய்வு சொல்கிறது. உங்க தோழி ஸ்டேட்டஸில் போடும் கீரைக் கூட்டுக்கு மதிப்பு உண்டுங்க!

ஃபீடை எப்படி மாத்துறது?

எதில் அதிக நேரம் நிற்கிறோமோ, அதையே அல்காரிதம் திரும்பக் கொடுக்கும். லைக் போடாவிட்டாலும், முழுசாகப் பார்ப்பதே போதும். எனவே உணவு வீடியோ வந்தால் உடனே தள்ளிவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் மூன்று புள்ளியை அழுத்தி 'நாட் இன்ட்ரஸ்டட்' கொடுக்கலாம். குறிப்பிட்ட வார்த்தைகள் உள்ள பரிந்துரைகளை மறைக்கும் வசதியும் செட்டிங்ஸில் இருக்கிறது. பிரியாணி, ஸ்ட்ரீட் ஃபுட், முக்பாங் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்த்துவிடுங்கள். யூடியூபில் 'டோன்ட் ரெகமெண்ட் சேனல்' இருக்கு. ஹிஸ்டரியில் உள்ள பழைய உணவு வீடியோக்களையும் நீக்கினால்தான் பரிந்துரை மாறும்.

சேனல்காரர்கள் மேல் கோபப்பட வேண்டாம், அது அவங்க தொழில். சமையல் கற்றுக்கொள்ள பார்க்கிறீங்கன்னா, அதைப் பகலில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். காலியான வயிற்றோடு பார்ப்பதுதான் வம்பு. டயட் என்று ராத்திரி சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு ரீல்ஸ் பார்ப்பவர்கள் ரொம்பவே கவனமாக இருக்கணும்.

டெலிவரி ஆப்பை கவனிச்சீங்களா?

ரீலுக்கும் ஆர்டருக்கும் நடுவே இரண்டு தட்டல்தான் இருக்கிறது. அந்த இடைவெளியைக் கூட்டுங்கள். ஆப்பின் நோட்டிஃபிகேஷனை நிறுத்தி, சேமித்த கார்டு விவரத்தை நீக்கி, முகப்புத் திரையிலிருந்தும் எடுத்துவிடுங்கள். ஆசை வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து, 20 நிமிஷம் செல்போனை வேறு அறையில் வைத்துப் பாருங்கள். அதன் பிறகும் பசித்தால் அது நிஜப் பசியாக இருக்கலாம். ஒரு வாழைப்பழமோ, ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ சாப்பிடலாம், தப்பில்லை.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இரவில் பசியோடு நடுக்கம், வியர்வை வந்தால், இந்த 20 நிமிஷக் கணக்கு பொருந்தாது. அது சர்க்கரை அளவு குறைவதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். பார்க்க வழியில்லையென்றால் காத்திருக்காமல் சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, டாக்டரிடம் பேசுங்கள்.