கூலிக்கு ஆடிய கோல் காப்பாளர்

ஆர்தர் வார்ட்டன் என்னும் பெயர் இன்று நினைக்கப்படுவது ஒரே காரணத்தால்தான். உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்தாட்டக்காரர் அவர் என்பது பரவலான கருத்து. 'முதல்' என்ற அடைமொழி ஒருவரைப் பீடத்தில் ஏற்றிவிடுகிறது. அவர் எவ்வாறு பிழைத்தார் என்ற கேள்வியை அதே வேகத்தில் மறைத்தும் விடுகிறது. நாம் இங்கே பேச விரும்புவது அந்தப் பிழைப்பைப் பற்றி.

வார்ட்டன் 1865இல், இன்று கானா எனப்படும் அன்றைய கோல்டு கோஸ்ட்டின் அக்ரா நகரில் பிறந்தார். தந்தை கிரெனடாவிலிருந்து வந்த மெதடிஸ்ட் சமயப் பணியாளர். தாய் ஃபான்டி அரச மரபினர். மகனும் சமயப் பணிக்குப் பயில வேண்டும் என்றே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அவரோ 1886இல் லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் திடலில் நூறு கஜத்தைப் பத்து வினாடிகளில் ஓடித் தேசிய வாகையரானார். டார்லிங்டனிலும் பிரெஸ்டன் நார்த் எண்டிலும் கோல் காத்தார். பிரெஸ்டன் அணி 1887இல் எஃப்.ஏ. கோப்பையின் அரையிறுதி வரை சென்றது. 1888இல் அவர் அதை விட்டு விலகினார். அடுத்த பருவத்திலேயே அந்த அணி முதல் லீக் போட்டியில் தோல்வியே காணாமல் வென்று கோப்பையையும் கைப்பற்றியது. ஓட்டத்தில் கவனம் செலுத்த எண்ணி அவர் விலகினார் என்பர். விதி என்று சொல்லி நாம் கடந்துவிடலாம். ஆனால் இத்தகைய விலகல்கள் அவர் வாழ்வில் பின்னும் பல.

கால்பந்தாடிக் கூலி பெறுவதை இங்கிலாந்துச் சங்கம் அனுமதித்ததே 1885இல்தான். ஸ்காட்லாந்து அணிக்கு 1881இல் தலைமை தாங்கிய ஆண்ட்ரூ வாட்சனும் கறுப்பினத்தவரே. ஆனால் அவர் பொழுதுபோக்காக ஆடிய வசதிபடைத்தவர். வார்ட்டன் 1889இல் ராதர்ஹாம் டவுனில் சேர்ந்து தொழில்முறை ஆட்டக்காரரானார். இவ்விருவருக்கும் இடையிலான வேறுபாடு நிறத்தினுடையதன்று, வர்க்கத்தினுடையது. நம் பழந்தமிழில் 'பொருநன்' என்ற சொல்லுக்குப் போர்வீரன் என்றும், பரிசில் நாடி ஊர் ஊராகச் செல்லும் கலைஞன் என்றும் இரு பொருளுண்டு. வார்ட்டனுக்கு இரண்டுமே பொருந்தும்.

அக்காலக் கோல் காப்பாளரின் நிலையை இன்றைய கண்கொண்டு பார்க்கலாகாது. எதிரணியினர் அவரை உடலால் மோதித் தள்ளலாம். ஆகவே அவர் குத்துச்சண்டை வீரரைப் போல நிற்க வேண்டியிருந்தது. வார்ட்டன் குறுக்குக் கம்பத்தைப் பிடித்துத் தொங்கிக் கால்களுக்கிடையே பந்தைப் பற்ற, பாய்ந்து வந்த மூன்று முன்னணியினர் வலைக்குள் போய் விழுந்தனர் என்று பழைய பார்வையாளர் ஒருவர் 1942இல் ஷெஃபீல்டு நாளிதழ் ஒன்றுக்கு எழுதினார். சற்று மிகையாகவே இருக்கட்டும். அரை நூற்றாண்டுக்குப் பின்னும் ஒருவர் நினைவில் நின்ற காட்சியல்லவா! அதே காலத்துச் செய்தித்தாள்கள் அவருடைய நிறத்தையே பட்டப்பெயராக்கி அவரைக் குறித்தன என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1894இல் ஷெஃபீல்டு யுனைடெட் அவரை எடுத்தது. அங்கே முதன்மைக் காப்பாளர் பேருருவம் கொண்ட வில்லியம் ஃபோல்க். வார்ட்டன் அவருக்கு மாற்றாள். முதல் பிரிவில் அவர் ஆடியது 1895இல் சண்டர்லாந்துக்கு எதிராக. பிறகு மீண்டும் ராதர்ஹாம். 1896இல் ஸ்டாலிபிரிட்ஜ் ரோவர்ஸ். நிர்வாகத்தோடு மனக்கசப்பு ஏற்பட, மறு ஆண்டு ஆஷ்டன் நார்த் எண்ட். அவ்வூரில் ஒரு புகையிலைக் கடையும் வைத்தார். ராதர்ஹாமில் மதுக்கூடமும் நடத்தியவர் அவர். ஆட்டக் கூலி மட்டும் போதவில்லை என்றே நாம் இதை வாசிக்கிறோம். 1899இல் ஆஷ்டன் கழகமே திவாலாயிற்று. மீண்டும் ஸ்டாலிபிரிட்ஜ். அங்கே உடன் ஆடிய இளைஞர் ஹெர்பர்ட் சாப்மன், பின்னாளில் ஆர்செனலின் புகழ்பெற்ற மேலாளரானார். இறுதியாக 1901-02 பருவத்தில் ஸ்டாக்போர்ட் கவுன்டி, இரண்டாம் பிரிவு. ஆட்டக்காரரின் வாரக் கூலி நான்கு பவுண்டைத் தாண்டக்கூடாது என்று சங்கம் வரம்பு கட்டியதும் 1901இல்தான்.

ஓய்வூதியம் என்ற பேச்சே அத்தொழிலில் இல்லை. வார்ட்டன் எட்லிங்டனின் யார்க்ஷயர் மெயின் நிலக்கரிச் சுரங்கத்தில் வண்டிகளை நகர்த்தும் வேலையில் சேர்ந்தார். 1930 டிசம்பரில் இறந்தபோது அவ்வூர் இடுகாட்டில் மூன்றாம் வகுப்புக் குழியொன்றில் புதைக்கப்பட்டார். குழிமேல் பெயர் இல்லை. இனவெறிக்கு எதிரான கால்பந்து ஆர்வலர்களின் முயற்சியால் 1997இல் அங்கே கல் நாட்டப்பட்டது. மறு ஆண்டு ஃபில் வாசிலி எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. 2014இல் இங்கிலாந்துக் கால்பந்தின் தேசிய மையமான செயின்ட் ஜார்ஜஸ் பார்க்கில் சிலை வைத்தார்கள். பந்தை நோக்கி ஒரு பக்கமாகப் பாயும் உருவம் அது.